கல்கத்தா நேரம்

என் மனுசனைப் பொலிஸ் கொண்டுபோனது ஓர் அரை மணித்தியாலத்துக்காக. எங்கேயும் பிந்திப் போனதற்காக அல்ல. நவம் தன்னுடைய கலியாணத்துக்கே ஐயருக்கு முதல் வந்து குந்தியிருந்த ஆள். ஒரு திரையின் மூலையில் காட்டிய நேரம் அரை மணித்தியாலம் பின்னால் நின்றது, அவ்வளவுதான். சொன்னால் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வராது, பத்திக்கொண்டுதான் வரும்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு அது. சமாதான ஒப்பந்தம் இன்னும் கடதாசியில் இருந்தது. றோட்டுகளில் மணல் மூட்டைகளைத் திரும்பவும் அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். நாங்கள் கெலிஓயாவில் வாடகைக்கு இருந்துகொண்டு, கண்டியில் பஸ் மாறி, பல்லேகலக் கைத்தொழில் பேட்டைக்கு வேலைக்குப் போய்வந்தோம். கம்பனி மடவளை லாபிர் ஹாஜியாருடையது. அங்கே நானும் நவமும்தான் எஞ்சினியர்கள். நவரட்ணராஜா என்ற முழுப்பெயரை அடையாள அட்டையில்தான் பார்க்கலாம். எல்லோருக்கும் அவர் நவம்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது மண்சரிவு எச்சரிக்கைப் பெட்டிகள். தோட்டத்து மலைச்சரிவுகளில் மழையை அளக்கும் பெட்டிகள் நிற்கும். அவை ஒன்றோடொன்று ரேடியோவில் கதைக்கும். மழை அளவு மீறினால் கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தடியில் சைரன் ஊதும், சனம் வெளியே ஓடும். ஒரு திணைக்களம் இதை வாங்க விரும்பியது. அந்தப் பெட்டிகளுக்குள் எந்தப் புரொசெசரைப் போடுவது, அதன் மேல் எதை ஓட்டுவது என்பதுதான் எங்கள் வீட்டுச் சண்டை.

எனக்கு ஒரு சின்னச் சிப் போதும். விரல் நகமளவு. அதற்குள் நானே எழுதிய ஒரு புரோகிராம் சுற்றிச் சுற்றி ஓடும். வேறொன்றும் தெரியாது, தெரியவும் தேவையில்லை. இரண்டு பற்றரியில் ஒரு மழைக்காலம் தாங்கும். நவத்துக்கு அது போதாது. அவருக்குப் பெரிய புரொசெசர் வேண்டும், அதன் மேல் லினக்ஸ் ஓட வேண்டும், மழைக் கணக்கு வெப் பக்கத்தில் கலர் கலராக வர வேண்டும்.

"இஞ்சருங்கோ, மழை அளக்கிற பெட்டிக்கு லினக்ஸ் என்னத்துக்கு? அது எழும்பி முகம் கழுவுறதுக்குள்ள மலை கீழ வந்து நிக்கும்" என்பேன்.

"நீர் சும்மா இரும் பத்மா. உம்மட சிப்பில ஒரு வரி மாத்தோணுமெண்டாலும் ஆள் மலை ஏறோணும். என்ரையை இஞ்ச கதிரையில இருந்துகொண்டே திருத்தலாம்."

"கதிரையில இருந்தே எல்லாம் செய்யத்தானே உங்களுக்கு விருப்பம்."

"உம்மட பெட்டிக்கு ஒரு மணிக்கூடு கூட இல்லை. எப்ப மழை பெய்தது எண்டு கேட்டா என்ன சொல்லும்?"

"எவ்வளவு நேரத்துக்கு முதல் எண்டு சொல்லும், அது காணும். மலை என்ன பஞ்சாங்கம் பாத்தே சரியுது?"

சோறு ஆறிப்போகும், கறி ஆறிப்போகும், இது ஆறாது. கீழ்வீட்டுச் சிங்கள நோனா ஒருநாள் படியில் மறித்து, புருஷன் குடிப்பாரா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். இல்லை, புரொசெசர் என்றேன். அவளுக்கு அது இன்னும் மோசமான வியாதியாகப் பட்டிருக்க வேண்டும், என் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

லாபிர் ஹாஜியார் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று களைத்துப்போனார். "ரெண்டையும் செஞ்சி காட்டுங்க. திணைக்களத்து ஆக்கள் பாத்து எது வேணுமெண்டு சொல்லட்டும்" என்று முடித்துவிட்டார்.

இப்போது அந்த அரை மணித்தியாலத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் இந்த நாட்டில் இரண்டு நேரம் இருந்தது. தொண்ணூற்றாறில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது. கடைசியில் அது அரை மணித்தியாலத்தில் வந்து நின்றது. அது புதிய நேரம். இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி அதை ஏற்கவில்லை, பழைய நேரத்திலேயே இருந்தது. ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கைமணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்ப வேண்டும். ஆனால் பழைய நேரம் என்ற சொல் வன்னிக்கு மட்டும் சொந்தமில்லை. கண்டியிலும் கோயிலில் பூசைக்குப் பழைய நேரம் என்பார்கள். சிங்களச் சனமும் சுபநேரம் பார்க்கும்போது "பரண வெலாவ" என்றுதான் சொல்லும். ஒருவரிடம் நேரம் கேட்டால், புதுசா பழசா என்று கூடவே கேட்பது பத்து வருசப் பழக்கம்.

நவத்தின் பெரிய புரொசெசர் பூட்டிய போர்ட் பெங்களூரிலிருந்து வந்தது. அதற்குள் இடம் குறைவு. விற்றவர்கள் லினக்ஸை வெட்டிச் சுருக்கும்போது உலகத்து ஊர்களின் நேரப் பட்டியலையும் வெட்டிவிட்டார்கள். கொழும்பு அதில் இல்லை. மிஞ்சியிருந்த நாலைந்தில் எங்களுக்குக் கிட்டவாக இருந்தது கல்கத்தா. நவம் கல்கத்தாவைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்தார். இந்தியாவின் நேரமும் எங்கள் பழைய நேரமும் ஒன்றுதான். ஆகவே அந்தத் திரை கண்டியில் இருந்துகொண்டு பழைய நேரம் காட்டியது.

"அதை மாத்துங்கோ" என்றேன்.

"தெரிவு முடியட்டும். இதைத்தான் போடுறதெண்டால் கொழும்பைச் சேர்ப்பம். அது சின்ன வேலை."

சின்ன வேலைதான். அதுதான் எனக்குப் பத்துகிறது.

செய்துகாட்டும் நாளில் திணைக்களத்து ஆட்களோடு ஒரு மேஜரும் வந்தார். மலைகளில் ரேடியோ வைப்பதென்றால் பாதுகாப்புப் பகுதியின் அனுமதி வேண்டும், அதற்காக. வெள்ளைக் காற்சட்டையும் சேட்டும்தான், சீருடை இல்லை. ஹாஜியார் வட்டிலப்பமும் சோடாவும் வைத்து உபசரித்தார். நான் என் பெட்டியின் மேல் தண்ணீர் ஊற்றினேன், சைரன் ஊதியது. "மழை வரம்பு மீறிற்று, ஒரு நிமிடத்துக்கு முன்" என்று சின்னத் திரையில் சிங்களத்தில் எழுத்து வந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு நவம் தன்னுடையதைக் காட்டினார். சுவரில் படம் விழுந்தது, மலை, கோடுகள், நிறங்கள். உண்மையைச் சொன்னால் வடிவாகத்தான் இருந்தது. எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

மேஜர் படத்தைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தார், பிறகு சுவரின் மூலையைப் பார்த்தார்.

"இது என்ன நேரம்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

நவம் சிரித்துக்கொண்டே, "ஆ, அது பரண வெலாவ, சேர்" என்றார்.

ஊரெல்லாம் சொல்கிற சொல். கீழ்வீட்டு நோனா தினமும் சொல்கிற சொல். நவத்தின் வாயிலிருந்து வந்ததும் அறை அப்படியே நின்றுபோனது. சோடாப் போத்தலைத் தூக்கிய திணைக்களத்துக்காரர் குடிக்காமல் கீழே வைத்தார். ஹாஜியாரின் முகம் வெளுத்தது. நவத்துக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

"பழைய நேரத்தை எங்கே பாவிக்கிறார்கள்?" மேஜரின் குரல் மெதுவாகத்தான் இருந்தது.

"இல்ல சேர், இது இந்தியாவில் இருந்து வந்த போர்ட்..." என்று ஹாஜியார் குறுக்கே விழுந்தார். மேஜர் அவரைப் பார்க்கவேயில்லை.

"உங்கள் ஊர் எது?"

"பரந்தன், சேர். கிளிநொச்சிக்குப் பக்கத்தில்." விளங்கப்படுத்துவதென்றால் நவத்துக்கு உயிர். வாயை மூடும் சாதி இல்லை. "அம்மா இன்னும் அங்கேதான். அவவுக்கு ரெலிபோன் எடுக்கவும் இந்த நேரம் வசதி."

நான் மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தேன். காலம் கடந்துவிட்டது. வன்னி ஊர், வன்னி நேரம், ரேடியோ, மலை உச்சி. அந்த மேஜரின் தலைக்குள் நாலும் ஒன்றாகச் சேர்ந்ததை நான் கண்ணால் கண்டேன். ஒரு சின்ன வாக்குமூலம் எடுத்துவிட்டு அனுப்புவார்கள் என்று சொல்லித்தான் பின்னேரம் பொலிஸ் ஜீப்பில் ஏற்றினார்கள். பெரிய போர்ட்டையும் சாக்கில் சுற்றி எடுத்துப் போனார்கள். என்னுடையதை யாரும் தொடவில்லை.

சின்ன வாக்குமூலம் முடியவேயில்லை. அவசரகாலச் சட்டம் இருக்கும்போது அவர்களுக்கு என்ன அவசரம்?

பொலிஸ் நிலையத்தில் விசாரித்தவர் இன்ஸ்பெக்டர் ஏக்கநாயக்க. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். என்னைக் கதிரையில் இருத்தினார், தேத்தண்ணி தந்தார், அடிக்கவில்லை என்று கேட்காமலே சொன்னார். ஆனால் புத்தாண்டு லீவு முடிந்ததும் ஆளைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டிவரும் என்றும் சொன்னார். கொழும்புக்குப் போன தமிழ்ப் பொடியன்கள் எத்தனை மாதத்தால், எந்தக் கோலத்தில் வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். வராதவர்களையும் தெரியும்.

மேசையில் நவத்தின் போர்ட், இலக்கம் எழுதிய அட்டைத் துண்டு ஒன்று கட்டியபடி கிடந்தது. நான் எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் திரட்டி, இடம் குறைவு, பட்டியலை வெட்டினார்கள், கொழும்பு இல்லை, கல்கத்தா இருந்தது என்று சொன்னேன்.

"கல்கத்தா?" என்றார். "அப்போ இந்தியத் தொடர்பும் இருக்கிறதா?"

"ஐயோ சேர், அது ஒரு பெயர் மட்டும்தான்."

"சரி. உங்களுடைய போர்ட்டில் எந்த நேரம் போட்டீர்கள்?"

"என்னுடையதில் மணிக்கூடே இல்லை, சேர். அது தேவையில்லை." சொல்லும்போது எனக்குள் ஒரு பழைய மிடுக்கு வந்துவிட்டது. இத்தனை மாதம் சோற்றுக்கு முன்னால் இருந்து சண்டை பிடித்த வாய்.

ஏக்கநாயக்க பேனையை எடுத்தார். "அதாவது, மணிக்கூடு இல்லாமலே இந்த வேலையைச் செய்யலாம். உங்கள் கணவருக்கும் அது தெரியும். தெரிந்தும், மணிக்கூடு உள்ளதைத் தேடி எடுத்து, அதில் அந்த நேரத்தைப் போட்டிருக்கிறார்."

என்னுடைய வாதத்தைத்தான் அவர் எழுதிக்கொண்டிருந்தார். நான் வெல்லவென்று வைத்திருந்த கயிற்றால் நவத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நான் தொடங்கினேன். பெரிய புரொசெசருக்காக வாதாடினேன். இல்லை சேர், மணிக்கூடு வேண்டும். நாளைக்கு ஒரு லயம் புதைந்தால் எத்தனை மணிக்கு மழை தொடங்கியது, எத்தனை மணிக்குச் சைரன் ஊதியது என்று நீங்கள்தானே வந்து கேட்பீர்கள்? என்னுடைய சிப் அதற்கு என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லாது. பெரியதென்றால் எல்லாவற்றையும் எழுதி வைக்கும். நாளைக்கு இன்னும் நூறு பெட்டி சேர்த்தாலும் தாங்கும். சின்னதில் எல்லாம் என் ஒருத்தியின் தலைக்குள் இருக்கிறது; நான் செத்தால் அதைத் திறந்து பார்க்க ஆளில்லை. லினக்ஸ் என்றால் படித்த எந்தப் பிள்ளையும் திருத்தும். எல்லாம் நவத்தின் வசனங்கள். அவர் கையை ஆட்டுகிற இடத்தில் என் கையும் ஆடியது. இவ்வளவையும் நான் கேட்டிருக்கிறேன் என்று அந்த மனுசனுக்குத் தெரியாது, கேட்கவேயில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கதிரையில் இருந்துகொண்டே திருத்தலாம் என்ற ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டேன்; தூரத்திலிருந்து இயக்கலாம் என்று எழுதிவிடுவார் என்ற பயம்.

ஏக்கநாயக்க கேட்டுக்கொண்டு இருந்தார். "கம்பனி எதைத் தெரிவு செய்கிறது?" என்றார். "கம்பனி இதை எடுத்தால் இது கம்பனியின் வேலை. கம்பனியே இதை வேண்டாம் என்றால், அவர் தன்பாட்டில் செய்ததுதான்."

அங்கிருந்து நேரே பல்லேகலக்கு ஓடினேன். ஹாஜியார் மேசையில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"வாங்க மிஸ். திணைக்களத்தால கோல் வந்திச்சி. மணிக்கூடு இல்லாத போர்ட்டென்டா எடுக்கிறாங்களாம். மத்தது வாணாமாம்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நீங்கதான் வென்டிருக்கீங்க."

"நான் வெல்லேல்லை ஹாஜியார். நீங்கள் பெரிசைத்தான் தெரிவு செய்யவேணும். நேர வந்து அந்த இன்ஸ்பெக்டருக்குச் சொல்லவும் வேணும்."

"அல்லாவே, என்ன பேச்சு இது? ஓடர் போயிடுமே!"

"ஓடர் போனா வேற ஓடர் வரும்."

"எனக்கும் மடவளையில புள்ளகுட்டி ஈக்குது மிஸ். நான் யாவாரம் செய்றவன். நாளைக்கு அந்த மேஜர், இந்த முஸ்லிம் ஆளும் கூட்டுத்தான் என்டு சொன்னா நான் யார்கிட்ட போறது?"

"அவரை வேலைக்கு எடுக்கேக்க பரந்தன் எண்டு தெரிஞ்சுதானே எடுத்தனீங்கள்? நோன்புக் கஞ்சியை அவருக்கு வீடு தேடி அனுப்பேக்க கூட்டில்லையோ? இப்ப மட்டும் யாவாரமோ?" குரல் உயர்ந்துவிட்டது. வெளியே சோல்டர் பண்ணிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஒன்டு கேக்கிறன். உண்மைய சொல்லுங்க. நவத்த உடுங்க, பொலிஸ உடுங்க. அந்த லயத்துச் சனத்துக்கு எது நல்லம்?"

பொய் சொல்லலாம். ஒரு சொல்தான். ஆனால் அந்தப் பெட்டிக்குக் கீழே படுத்துறங்கப் போகிற பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். இடம் பார்க்கப் போனபோது பாலம்மா என்றொருத்தி, சைரன் ஊதினால் மாட்டையும் அவிழ்க்க நேரம் இருக்குமா என்று கேட்டாள்.

"சின்னதுதான் நல்லம்" என்றேன். "ஆனா பெரிசையும் அதே மாதிரி ஊத வைக்கலாம். இரட்டிப்பு வேலை. நான் செய்யிறன். அது ஊதாட்டி என்ரை பேரைச் சொல்லுங்கோ."

ஹாஜியார் தொப்பியை எடுத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டார்.

பொலிஸுக்கு அவர் என்னோடு வந்த நாள் நல்ல நாளில்லை. திருகோணமலைச் சந்தையில் குண்டு வெடித்து, தமிழ்க் கடைகளை எரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஹாஜியாரின் வானுக்குள் ரேடியோ சொன்னது. சாரதி என்னைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு ரேடியோவை நிற்பாட்டினான். நான் பொட்டை அழிக்கவா என்று யோசித்தேன். எண்பத்து மூன்று கலவரத்தில் என் அம்மா அழித்தது ஞாபகம் வந்தது. அழிக்கவில்லை, அழித்தால் ஏன் அழித்தாய் என்று கேட்பார்கள்.

ஹாஜியார் நல்ல கண்டிச் சிங்களத்தில், நின்றபடியே சொன்னார்: "இந்த போர்ட் என்னுடையது. காசு கொடுத்து வாங்கியது நான். கம்பனி இதைத்தான் எடுக்கிறது. கல்கத்தாவும் கம்பனியுடையதுதான்." குரல் நடுங்கியது, ஆனால் முழுவதையும் சொன்னார். நான் அந்த மனிதரைப் பற்றிச் சொன்ன எல்லாக் கெட்ட வார்த்தைகளையும் மனதுக்குள் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

என்னிடம் இன்னுமொன்று இருந்தது. அன்றைய பேப்பர். புத்தாண்டோடு நாடு முழுவதும் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்ப வேண்டும், அரசாங்கம் பழைய நேரத்துக்குத் திரும்புகிறது என்று முன்பக்கத்தில் போட்டிருந்தது. அதை ஏக்கநாயக்கவின் முன்னால் விரித்தேன்.

"பாருங்கோ சேர். இனி உங்களுக்கும் இதே நேரம்தான். ஜனாதிபதிக்கும் இதே நேரம்தான். இனி என்ன குற்றம்?"

அவர் வாசித்தார். ஆறுதலாக, கடைசி வரி வரைக்கும். பிறகு பேப்பரை மடித்து என் பக்கம் தள்ளினார்.

"அது பதினைந்தாம் திகதியிலிருந்து" என்றார். "உங்கள் கணவர் சொன்னது அதற்கு முதல்."

பகிடி விடுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகவும், லீவு முடிந்து வரும்படியும் சொன்னார். நவத்தைக் காட்டும்படி கேட்டேன். சோற்றுப் பாசலை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

புத்தாண்டுக்குக் கெலிஓயா முழுவதும் வெடி கொளுத்தினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் என் நெஞ்சு துள்ளியது. கீழ்வீட்டு நோனா பாற்சோறும் கொக்கிஸ் பலகாரமும் கொண்டுவந்து தந்து, புருஷன் எங்கே என்று கேட்டாள். கொழும்பில் வேலை என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது, வாயைப் பொத்திக்கொண்டேன். மணிக்கூடு மாற்றிய அன்று கிளிநொச்சியில் ஒரு ரெலிபோன் கொம்யூனிக்கேசனிலிருந்து மாமி எடுத்தா. மகன் ஏன் கதைக்கவில்லை என்று கேட்டா. தொண்டை கட்டியிருக்கிறது என்றேன்.

"சரி பிள்ளை, கொத்தமல்லி அவிச்சுக் குடு. இனி உங்கட நேரமும் எங்கட நேரமும் ஒண்டாம், என்ன? இனிக் கணக்குப் பாத்து எடுக்கத் தேவையில்லை." மாமிக்கு அவ்வளவு சந்தோசம்.

லீவு முடிந்த முதல் நாளே போய் நின்றேன். பொலிஸ் நிலையத்துச் சுவர் மணிக்கூட்டை மாற்றியிருந்தார்கள். ஆனால் முறைப்பாடு பதிகிற கம்ப்யூட்டருக்கு முன்னால் ஏக்கநாயக்கவும் ஒரு கொன்ஸ்டபிளும் நின்று ஏசுப்பட்டுக்கொண்டிருந்தார்கள். கையால் நேரத்தை மாற்றினால், கொஞ்சம் பொறுத்து அது தன்பாட்டில் அரை மணித்தியாலம் முன்னுக்கு ஓடிவிடுகிறதாம். காலையில் வந்த முறைப்பாடுகள் எல்லாம் இன்னும் நடக்காத நேரத்தில் பதிந்து கிடந்தன.

ஏக்கநாயக்க என்னைக் கண்டதும், "நீங்கள் இந்த வேலை தெரிந்தவர்தானே, மிஸ். வந்து பாருங்கள்" என்றார்.

இருந்து பார்த்தேன். நினைத்தது சரி. அது வலையில் எங்கேயோ கேட்டு நேரத்தைச் சரிசெய்துகொள்ளுகிற கம்ப்யூட்டர். ஊரை மாற்றாமல் முள்ளை மட்டும் மாற்றினால் நிற்காது. ஊர்ப் பட்டியலைத் திறந்தேன். ஸ்ரீ ஜயவர்தனபுர என்று ஒரு வரி இருந்தது, ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னும் புதிய நேரம்தான். அதைச் செய்தவர்களுக்கு எங்கள் அரசாங்கத்தின் செய்தி போய்ச் சேரவில்லை. பழைய நேரம் வேண்டுமென்றால் பட்டியலில் ஒரேயொரு வரிதான் இருந்தது.

நான் மௌஸிலிருந்து கையை எடுத்தேன். திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"அந்த வரியை எடுக்க வேணும், சேர்."

அவர் குனிந்து, எழுத்துக்கூட்டி வாசித்தார். "கல்கத்தா..." நிறுத்தினார். "வேறு இல்லையா?"

"இல்லை."

"சரி, போடுங்கள்."

"நான் போட மாட்டன் சேர்" என்றேன். எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ, எல்லாம் அத்தனை நாளாக அடக்கிய கோபம்தான். "நாளைக்கு ஒருத்தர் வந்து இதைப் போட்டது ஆர் எண்டு கேப்பார். நீங்களே போடுங்கோ."

ஏக்கநாயக்கவின் காது சிவந்தது. என்னையும் உள்ளே தள்ளப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு குனிந்து, தன் விரலாலேயே மௌஸை அமுக்கினார். மூலையில் இலக்கம் அரை மணித்தியாலம் பின்னுக்கு வந்து நின்றது. அதற்குப் பிறகு அது ஓடவில்லை.

நிமிர்ந்து உள்ளே போனார். மேலிடத்துப் பதில் முன்னமே வந்து கிடந்ததா, அந்த ஓர் அமுக்கில்தான் ஏதாவது நடந்ததா, எனக்குத் தெரியாது. மதியத்துக்கு முதல் நவத்தை வெளியே கொண்டுவந்தார்கள். மெலிந்து, தாடி வளர்ந்து, சேட்டு நாறியது. என்னைக் கண்டு சிரித்தார். மூஞ்சையைப் பார் என்று பேச வாயெடுத்தவள், நடுப் பொலிசில் நின்று குழறி அழுதேன். அவருடைய பெல்ட்டையும் பேர்ஸையும் கைமணிக்கூட்டையும் கொடுத்து ஒப்பம் வாங்கினார்கள். போர்ட்டைத் தரவில்லை.

பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"பத்மா, உம்மட சின்னனையே போடுவம். அதுக்கு நேரம் தெரியாது. அது நல்லது."

"விசர்க்கதை கதையாதேங்கோ. ஹாஜியார் பெரிசெண்டு சொல்லியாச்சு. நான் அதை ஊத வைக்கிறன் எண்டு சொல்லியாச்சு. வேற போர்ட் எடுப்பிச்சு, பட்டியலில கொழும்பைச் சேத்துவிடுங்கோ."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தேன். "ம்" என்றார், அவ்வளவுதான். இத்தனை வருசத்தில் அந்த மனுசன் என்னிடம் ஓர் "ம்" மட்டும் சொன்னது அன்றைக்குத்தான்.

பேராதனைக்குக் கிட்ட ஒரு சிங்கள அம்மா ஏறி எங்களுக்கு முன்னால் இருந்தா. திரும்பி, நவத்தின் கையைப் பார்த்துவிட்டு, "மாத்தயா, வெலாவ கீயத?" என்று நேரம் கேட்டா. பத்து வருசப் பழக்கம் விடுமா, கூடவே சிரித்துக்கொண்டு, "அலுத் வெலாவத, பரண வெலாவத?" என்றா. புதுசா, பழசா.

நவம் மற்றக் கையால் மணிக்கூட்டைப் பொத்தினார். யாருக்கும் எதையும் விளங்கப்படுத்தாமல் விடாத நவம்.

"ஓடவில்லை அம்மே" என்றார். "நின்றுபோய்விட்டது."

அந்த அம்மா பாவம், ஓமென்று தலையாட்டிவிட்டுத் திரும்பினா. நான் அவருடைய விரல்களுக்கு இடையால் பார்த்தேன். முள் ஓடிக்கொண்டுதான் இருந்தது.